மெர்லின் டீச்சரைப் பற்றி வந்த செய்தி

பயம் மெர்லினுக்கு அப்பா வழியில் வந்தது. சவரிராயன் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட்கீப்பராக இருந்தார். டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த பிறகும் கேட்டைப் பூட்டினோமா, அடுத்த ஆள் சரியாக வாங்கிக்கொண்டானா என்று சந்தேகம் வந்துவிடும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். 1993இல் மெர்லின் எட்டாம் வகுப்பு. அதற்குள் அவளுக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. பரீட்சைப் பேப்பரைக் கட்டிக் கொடுத்த பிறகு, நம்பரை எழுதினோமா இல்லையா என்று ரிசல்ட் வரும்வரை சரியாகத் தூங்க மாட்டாள்.

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டாள், மார்க் எட்டவில்லை. விலங்கியல் கிடைத்தது. அதில் எம்.எஸ்சி. முடித்து, சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பி.எச்டி.க்குச் சேர்ந்தாள். நரம்பைத்தான் படிக்க வேண்டும் என்று அவள் எண்ணிக்கொண்டு போகவில்லை. வழிகாட்டியான பேராசிரியையிடம் அந்தத் தலைப்பு இருந்தது, கீழ்த்தளத்து இயற்பியல்காரர்களிடம் லேசர் இருந்தது. நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வேலை இதுதான். ஒரு வாரம் அடைகாத்த கோழிமுட்டையை உடைத்து, கருவிலிருந்து நரம்புச் செல்களைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு செல்லும் மெல்லிய இழை ஒன்றை வெளியே விடும். இழையின் நுனி ஒரு சின்னக் கை மாதிரி விரிந்து, விரல்களால் துழாவித் துழாவி முன்னே போகும். அந்த நுனியின் ஒரு ஓரத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை ஒரு புள்ளியாகக் குவித்து வைத்தால், நுனி அந்த ஒளிப் பக்கமாகத் திரும்பி வளர்கிறது என்று ஜெர்மனியில் சிலர் செய்து காட்டியிருந்தார்கள். ஏன் திரும்புகிறது என்பது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. ஒளியின் இழுப்பு என்றார்கள் சிலர், சூடு என்றார்கள் வேறு சிலர்.

மெர்லினின் பயத்துக்கு ஏற்ற வேலை. ஒளி கொஞ்சம் கூடிப்போனால் நுனி சுருங்கிக் கருகிவிடும், குறைந்தால் ஒன்றும் நடக்காது. ஒளியே கண்ணுக்குத் தெரியாததால், லேசரின் மூடியை மூடினோமா என்று வாசல் வரை போனவள் திரும்பி வந்து பார்ப்பாள். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. நரம்பின் நுனி சும்மா விட்டாலும் இங்கேயும் அங்கேயும் திரும்பக்கூடியது. ஒரு நுனி ஒளிப் பக்கம் திரும்பினால், நாம் திருப்பினோமா, தானாகத் திரும்பியதா? அதற்காக ஒளியே போடாத செல்களையும் அதே அளவு நேரம் உட்கார்ந்து படமெடுத்தாள். முடிவில் ஒளி பட்டவை கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருந்தன. அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவளுடைய பேராசிரியை மன்றாடிப் பார்த்தார். மெர்லின் எடுக்கவில்லை.

பட்டம் வாங்கி, விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே லேசர் கிடையாது, முட்டை கிடையாது, பழைய நுண்ணோக்கிகள்தான். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் மரிய அருணைக் கட்டிக்கொண்டாள். காலையில் ரயிலோ பஸ்ஸோ, எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்து விழுப்புரம் போவாள், சாயங்காலம் திரும்புவாள். பயப்பட அதிகம் எதுவும் இல்லாத காலம் அது. 2012 வரை.

அந்த வருஷம் கல்லூரி விழாவில் முதல்வர் அவளை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். ஒரு பத்திரிகையின் மாவட்டப் பக்கத்துக்கு எழுதும் ராஜாமணி என்ற நிருபர் வந்து என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். மெர்லின் மெனக்கெட்டு விளக்கினாள். இதெல்லாம் பிற்காலத்தில் சிகிச்சைக்கு உதவலாம், உதவாமலும் போகலாம் என்று முடித்தாள். இரண்டு நாள் கழித்து அவள் படத்தோடு செய்தி வந்தது. 'செயலிழந்த நரம்புக்கு லேசரில் உயிர்: விழுப்புரம் பேராசிரியை சாதனை.'

கல்லூரியில் எல்லாரும் கை கொடுத்தார்கள். மெர்லின் வெளியே வந்தாள். ராஜாமணிக்குப் போன் போட்டுத் திருத்தம் போடச் சொன்னாள். நல்ல செய்திதானே மேடம், படிக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கைதானே என்றார் அவர்.

அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பக்கவாதம் வந்த மாமியாரின் ரிப்போர்ட்டோடு ஒரு பெண் வந்தாள். கை விளங்காத பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். ஒவ்வொருவரிடமும் மெர்லின் உட்கார்ந்து பேசினாள், இது வைத்தியம் இல்லை என்றாள். பெரும்பாலும் புரிந்துகொண்டு போனார்கள். சக்கரபாணி மட்டும் திரும்பத் திரும்ப வந்தார்.

சக்கரபாணிக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிறவர். மகன் கோபி நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் ஒரு வருஷமாகக் கட்டிலில் கிடந்தான். அழுது கையெடுத்துக் கும்பிடுகிற ஆள் இல்லை சக்கரபாணி. மோட்டார் ரிப்பேர்க்காரனிடம் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

"ஒளி பட்டா நரம்பு அந்தப் பக்கமா போவுது. அது சரிதானே டீச்சரம்மா?"

"சரிதாங்க. ஆனா அது கண்ணாடித் தகட்டு மேல. கோழிக்குஞ்சு செல்லுல."

"கோழிக்கு ஆவுறது மனுசனுக்கு ஏன் ஆவாது?"

அங்கேதான் மெர்லின் மாட்டிக்கொள்வாள். ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல அவளுக்கு வராது. தகட்டில் தனியாக இருக்கும் ஒரு செல் வேறு, உடம்புக்குள் தழும்பு கட்டிக் கிடக்கும் லட்சக்கணக்கான இழைகள் வேறு, ஒளி எலும்பைத் தாண்டி அவ்வளவு நுணுக்கமாக உள்ளே போகாது, இன்றைக்கு முடியாது, நாளைக்கு என்ன என்று தெரியாது என்று நீட்டி நீட்டிச் சொல்வாள். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த முறை ஆலையின் கரும்பு வெட்டு ஆர்டர் விஷயமாக விழுப்புரம் வரும்போது மறுபடியும் வந்து நிற்பார்.

ஒருநாள் ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் தன் முகத்தையே ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். புதிதாகத் திறந்த ஒரு சிகிச்சை நிலையம். 'லேசர் நரம்பு மறுவாழ்வு மையம்' என்று போர்டு. கதவை ஒட்டி அந்தச் செய்தியைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். ஆட்டோ நகர்ந்துவிட்டது. அவள் இறங்கவில்லை. அன்றைக்கும் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை.

வீட்டில் சொன்னபோது மரிய அருண், "நீ என்ன தப்பு பண்ணிட்ட? பேஜார் பண்ணிக்காத" என்றான்.

"நான் பண்ணல. என் போட்டோ பண்ணிக்கினு இருக்குது."

கடைசியில் ஒரு மத்தியானம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனாள். நடத்துகிறவர் பாண்டுரங்கன். வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு, சாந்தமான பேச்சு. எழுந்து நின்று வரவேற்று நாற்காலி போட்டார். சிவப்பு ஒளி விடும் ஒரு கருவியும், சூட்டு விளக்கும் இருந்தன. இதற்கும் தான் செய்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, படத்தை எடுத்துவிடுங்கள் என்றாள் மெர்லின்.

"லேசர்னா லேசர்தானே மேடம். உங்க பேர்ல வைத்தியம் பண்றேன்னு எங்கயாவது எழுதியிருக்கனா? பேப்பர்ல வந்தத மாட்டியிருக்கேன். அந்தப் பேப்பரு எல்லார் வீட்டுக்கும்தான் போவுது."

அதற்குள் உள் கட்டிலில் படுத்திருந்த ஒரு வயதான அம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். சுவரில் இருக்கும் முகம் நேரில் வந்து நிற்பதைக் கண்டு, வராத ஒரு கையை வருகிற கையால் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டாள். மெர்லின் வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கே சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரிக்கிறோம் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. சக்கரபாணி வந்து வெகுநாள் ஆகியிருந்தது. வந்து நிற்கும்போது அவரைத் தவிர்க்கப் பார்த்தவள், வராதபோது பதறினாள். அவர் கொடுத்திருந்த நம்பருக்குப் போட்டாள். மனைவி லட்சுமியம்மாள் எடுத்தாள்.

"அவரு இல்லியேம்மா. கோபிய உங்க லேசருக்குத்தான் கூட்டிக்கினு போயிருக்காரு."

உங்க லேசர். மெர்லின் வகுப்பறை வாசலிலிருந்து தள்ளி வந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். நாலஞ்சு தடவை போய்வந்தாச்சு, பரவாயில்லை, உடம்பு லேசா சூடா இருக்குது, நரம்பு வேலை செய்யுதுன்னு அந்த டாக்டரு சொன்னாரு என்றாள் லட்சுமியம்மாள் சந்தோஷமாக.

சனிக்கிழமை காலை மரிய அருணையும் அழைத்துக்கொண்டு திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறினாள். அங்கே இறங்கும் நேரம் கரண்ட் இருக்காது என்று தெரியும், அந்த வருஷம் கரண்ட் போவதுதான் வழக்கம், வருவது விசேஷம். லேப்டாப்பை முந்தின நாளே சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டாள். பஸ் முழுக்க அவள் மண்டைக்குள் ஒரே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. உணர்வில்லாத தோலுக்குச் சூடு தெரியாது. நமக்குச் சுட்டால் உடம்பு தானாக விலகும். கோபியின் உடம்பு விலகாது.

கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு. கோபி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம், தோள் மட்டும் இன்னும் பலமாக இருந்தது. மெர்லினைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் சிரித்தான். முகத்தில் காய்ச்சல் தெரிந்தது. ஏன் குப்புறப் படுத்திருக்கே என்று கேட்டாள்.

"பின்னால கொப்புளம் மேடம். எனக்கு ஒண்ணும் தெரியல, வலியும் இல்ல. அம்மாதான் துணி மாத்துறப்ப பார்த்துச்சு."

"கொப்புளம் வந்தா நரம்பு தொறந்துக்கினு இருக்குதுன்னு அர்த்தமாம்" என்றாள் லட்சுமியம்மாள்.

மெர்லின் துணியை விலக்கிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்று, ஓரம் கறுத்து, நடுவில் மஞ்சளாக இருந்தது. நாற்றம் வந்தது. அவள் வைத்தியம் படித்தவள் இல்லை. ஆனால் ஒளி அதிகமாகிக் கருகிய செல்களை எத்தனையோ முறை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். துணியை மூடினாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள்.

சக்கரபாணி அதற்குள் வயலிலிருந்து வந்துவிட்டிருந்தார். திங்கட்கிழமை அடுத்த சிட்டிங் இருக்கிறது, நடுவில் நிறுத்தினால் போட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். மெர்லினுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஆகாது என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்றாள்.

"சொன்னீங்க டீச்சரம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா ஆவாதுன்னு நீங்க சொல்றப்பல்லாம் உங்க மொகத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு. நான் அத புடிச்சிக்கினுதான் போனேன்."

மெர்லின் லேப்டாப்பைத் திறந்து கோபியின் தலைமாட்டில் வைத்தாள். தன் ஆய்வில் எடுத்த படத்தை ஓடவிட்டாள். சாம்பல் நிறத் திரையில் ஓர் இழை, அதன் நுனியில் விரல்கள் மாதிரித் துழாவல். ஒளிப் புள்ளி இருக்கும் இடத்தை ஒரு சின்ன வட்டம் காட்டியது. இழை மெல்ல வட்டத்தின் பக்கம் வளைந்தது. படம் அதோடு நின்றது.

சக்கரபாணி கட்டிலைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டு மெர்லின் திகைத்துப்போனாள். காட்டியதே தப்போ என்று நினைத்தாள். அப்போது கோபிதான் கேட்டான்.

"இது நெசத்துல எவ்ளோ தூரம் மேடம்?"

"ஒரு தலைமுடி தடிமன் இருக்குது பாரு, அதுலயும் பாதிகூட வராது. அதுக்கே அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரே ஒரு செல்லு. பக்கத்துல இருந்த இன்னொண்ணுல ஒளியே போடாம பார்த்தேன், அதுவும் திரும்புச்சு."

"எனக்கு எவ்ளோ வேணும்?"

அவள் கையை நீட்டி, அவன் முதுகின் அடிபட்ட இடத்திலிருந்து குதிகால் வரை காற்றில் இழுத்துக் காட்டினாள். கோபி கழுத்தைத் திருப்பி அந்தக் கை போன தூரத்தைப் பார்த்தான்.

"அப்ப இதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல" என்றாள் மெர்லின். அதோடு நிறுத்தினாள். ஆனால், ஒருவேளை, பிற்காலத்தில் என்று எதையும் சேர்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையை வெறுமனே சொல்லி நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

கோபி அப்பாவைப் பார்த்து, வண்டி சொல்லுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் என்றான். சக்கரபாணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மரிய அருண் பின்னாலேயே போய், கரும்பு ஏற்ற வந்திருந்த ஒரு டாட்டா ஏஸ் வண்டிக்காரரைப் பிடித்துவந்தான். மெத்தையோடு கோபியைத் தூக்கிப் பின்னால் வைத்து, மேலே ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

புண் ஆழமாகப் போயிருக்கிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் எலும்பில் இறங்கியிருக்கும் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்தார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மெர்லின் திண்டிவனம் திரும்புகிற வழியில்தான் அந்த ஊர். தினமும் சாயங்காலம் முண்டியம்பாக்கத்தில் இறங்கி வார்டுக்குப் போவாள். படியேறும்போதே கட்டில் காலியாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கோபியின் தலை தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தாள். சக்கரபாணி டீ வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் லட்சுமியம்மாள் மட்டும், அழுக்குத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"லேசர் போட அவருக்கு அவ்ளோ இஷ்டம் இல்லம்மா. அங்க உங்க போட்டோவ பார்த்துட்டு நான்தான் போங்கன்னு சொன்னேன்."

மெர்லின் அந்தப் பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் துணி துவைக்கிற இடம் வரை நடந்தார்கள்.

கோபியின் தீக்காயம் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது, சுகாதாரத் துறையிலும் மெர்லினின் புகாரைத் தூசி தட்டினார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது மையம் பூட்டியிருந்தது. பாண்டுரங்கன் எங்கே போனார் என்று தெரியவில்லை. ராஜாமணி முண்டியம்பாக்கத்துக்கே வந்து கோபியைப் பார்த்தார், வெகுநேரம் கட்டில் பக்கத்தில் நின்றார். நாலு வரித் திருத்தம் ஒன்று மாவட்டப் பக்கத்தின் மூலையில் வந்தது. அதை யாரும் லேமினேட் செய்யவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் போல ஆட்கள் தேடி வந்துகொண்டிருந்தார்கள். மெர்லின் முதலில் 'இதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு, பிறகுதான் உட்காரச் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, இரக்கமில்லாமல் சொல்லிவிட்டோமோ என்று அதற்கும் கவலைப்பட்டாள்.

தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டி, புண் மூடுவதற்குள் கரும்பு ஒரு போகம் வெட்டியாகிவிட்டது. கால்களுக்கு உணர்வு வரவேயில்லை. வார்டில் இருந்த பயிற்சியாளர் கோபிக்கு அடிக்கடி உடம்பைத் தூக்கிப் புரண்டுகொள்ளவும், கைக்கண்ணாடியைப் பிடித்து முதுகின் தோலைத் தானே பார்த்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போன பிறகு சக்கர நாற்காலி வந்தது. அதற்கப்புறம், பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் ஒன்று அரசாங்கத்தில் கிடைத்தது. கரும்பு வெட்டும் ஆட்களைப் பேசுவது, ஆலைக்கு லாரி பிடிப்பது எல்லாம் அவன் கைக்கு வந்தது. ஸ்கூட்டரில் அவன் நெடுஞ்சாலைப் பக்கம் போகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மெர்லினுக்கு அது ஒரு புதுக் கவலை.

2015இல் அவளுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. கோடை விடுமுறையில் பழைய கூடத்தில் வந்து வேலை செய்யலாம் என்றார் பேராசிரியை. போவதா வேண்டாமா என்று பல நாள் குழம்பினாள். மறுபடி ஏதாவது செய்தியில் வந்து தொலைக்குமோ என்ற பயம் இருந்தது. போனாள். அடுத்தடுத்த கோடைகளிலும் போனாள். குறைந்த ஒளியில், செல்லைச் சுடாமல் நுனியைத் திருப்ப முடிகிறதா என்று பார்க்கிற வேலை.

கோபி எப்போதாவது போன் செய்வான். ஒருமுறை, "என்ன மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

ஒளியே போடாத செல்கள் இந்தத் தடவை அவ்வளவாகத் திரும்பவில்லை, ஒளி போட்டவை திரும்பின, ஆனால் இன்னும் நிறைய செய்து பார்க்க வேண்டும் என்றாள்.

"கோழிதானா?"

"கோழிதான்."

"சரி மேடம். ஜல்தியா முடிங்க" என்று சிரித்தான். பக்கத்தில் லாரிக்காரன் ஹாரன் அடிப்பது கேட்டது. ஆளுங்க கட்டு கட்டிக்கினு இருக்காங்க, ஏத்திட்டு அப்புறம் கூப்பிடுறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.